பழைய அக்ரிலிக் போர்டுகளைக் கொடுக்கும் முன் ஸ்டிக்கரை ஏன் உரிக்கச் சொல்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பெயர்ப்பலகை, கிளினிக் போர்டு, பள்ளி ஆண்டுவிழா ஷீல்டு என்று எங்களிடம் செய்து வாங்கிய அக்ரிலிக் சாமான்கள் பழையதாகிவிட்டால், இந்த மாதம் முதல் நாங்களே எடைக்கு எடுத்துக்கொள்கிறோம். ஸ்டிக்கரை உரித்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றதும் சிலருக்குக் கோபம் வருகிறது. "எடைக்குப் போடும் சாமானுக்கு இவ்வளவு சட்டமா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். கேள்வி நியாயமானது.

எங்கள் பட்டறையில் லேசர் ஓடும்போது தித்திப்பும் காரமுமாக ஒரு வாடை மூக்கில் ஏறுமே, அது மீத்தைல் மெத்தாக்ரிலேட்டின் ஆவி. தொழிலில் சுருக்கமாக எம்.எம்.ஏ. என்பார்கள். 101 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும், நிறமில்லாத திரவம் அது. அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகியதுதான் அக்ரிலிக் ஷீட். லேசர் சூடு படும் இடத்தில் அந்தக் கோவை மறுபடி பிரிந்துவிடுகிறது.

மறுசுழற்சி ஆலையிலும் நடப்பது இதுதான், பெரிய அளவில். காற்றுப் புகாத கலனில் அக்ரிலிக் துண்டுகளை 400 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகச் சூடாக்குவார்கள். பூச்சரத்தின் நூலை ஒரு முனையில் உருவினால் பூக்கள் வரிசையாக உதிர்வதுபோல், சங்கிலியின் முனையிலிருந்து எம்.எம்.ஏ. ஒவ்வொன்றாகக் கழன்று ஆவியாகும். அதைக் குளிரவைத்து, காய்ச்சி வடித்தால் பழைய திரவம் கையில். சுத்தமான கழிவாக இருந்தால் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் மீட்க முடியும். நிறமிகள் அடியில் கரியோடு தங்கிவிடும். வடித்த திரவத்தை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஊற்றி இறுகவைத்தால் மீண்டும் ஷீட்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இப்படி நல்லபிள்ளை அல்ல. மளிகைக்கடைப் பையைச் சூடாக்கினால் பாலிஎத்திலீன் சங்கிலி கண்ட இடத்தில் அறுந்து மெழுகும் எண்ணெயும் வாயுவும் கலந்து வரும்; எத்திலீன் சொற்பமே. அந்த எண்ணெயை எரித்துவிட்டு 'மறுசுழற்சி' என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. தெர்மாகோல் நடுத்தரம், பாதிக்கு மேல் ஸ்டைரீன் தரும்.

இனி ஸ்டிக்கர் விஷயம். வினைல் ஸ்டிக்கர் என்பது பி.வி.சி. கலப்பில்லாத பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அக்ரிலிக் பிரியத் தொடங்கும் முன்பே அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, இரும்பை அரிக்கும், வடித்த திரவத்தையும் கெடுக்கும். ஃபோம் போர்டும் பி.வி.சி.தான். அதை லேசரில் வெட்டித்தரக் கேட்பவர்களுக்கு நாங்கள் கைவிரித்து, சுழலும் கத்தி உள்ள ரௌட்டர் எந்திரத்தில் வெட்டித்தருவதும் இதே காரணத்தால்தான். தலைமுடி காயவைக்கும் டிரையரை இரண்டு நிமிடம் காட்டினால் ஸ்டிக்கர் முழுசாக உரிந்துவரும். தின்னர் வேண்டாம், பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை.

எங்கே அனுப்புகிறோம் என்றும் கேட்கிறீர்கள். உருக்கிய ஈயத்தின் மேல் அக்ரிலிக்கைப் போட்டு வாட்டும் முறை பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. செலவு குறைவு, சூடும் சீராகப் பரவும். ஆனால் மிஞ்சும் கசடில் ஈயம் சேர்ந்துவிடும். அருகில் நின்று வேலை செய்பவர் அதைச் சுவாசிக்கவும் நேரும். அப்படிப்பட்ட இடங்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. ஈயமில்லாமல், மூடிய திருகு எந்திரத்தில் சூடாக்கும் ஆலைக்கே போகிறது. அவர்கள் கழிவைச் சலித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். உங்களிடம் நாங்கள் கறாராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2 அடிக்கு 3 அடி, 3 மி.மீ. கனமுள்ள போர்டு ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். அன்றைய கழிவு விலையை உங்கள் அடுத்த பில்லில் கழித்துக்கொள்வோம். பெரிய தொகை இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறோம். 2020-இல் கவுண்டர்களில் மாட்டிய தடுப்புகள் இன்னும் கிடங்கில் கிடந்தால் அவசியம் கொண்டுவாருங்கள். ஸ்டிக்கரும் சாயமும் இல்லாத நல்ல சரக்கு. அவற்றில் சில பாலிகார்பனேட்டாக இருக்கலாம், நாங்கள் பார்த்துப் பிரித்துக்கொள்கிறோம். எல்.இ.டி., ஒயர், திருகாணிகளைக் கழற்றிவிடுங்கள். ஃபைபர் ஒட்டிய குளியல் தொட்டி, அலுமினியப் பூச்சுப் பலகை இரண்டும் வேண்டாம்.

வேலை நாட்களில் மாலை 4 மணிக்கு மேல் வந்தால் தராசருகே ஆள் இருப்பார்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்