டி-ஷர்ட் வாசகத்தை வைத்து ஆளை எடைபோட வேண்டாம்

நண்பர்களே, நேற்று இங்கே வந்த படத்தில் இருந்தவரின் டி-ஷர்ட் வாசகத்தை வைத்து, அவர் எப்படிப்பட்டவர் என்று பலர் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. அது பரிசாக வந்திருக்கலாம், அண்ணன் போட்டுப் பழசானதாக இருக்கலாம். வாசகத்தைப் படிக்காமல் நிறம் பிடித்து வாங்குபவர்களும் நிறையப் பேர்.

சொல்ல வேண்டும் என்றே அணிபவர்களும் உண்டு. 1984-ல் ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹேம்னட், அமெரிக்காவின் பெர்ஷிங் அணு ஏவுகணைகளை 58% பேர் விரும்பவில்லை என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு பிரிட்டன் பிரதமர் தாட்சர் முன் போய் நின்றார். அந்தக் கருத்தோடு வாதாடலாம், சரி. ஆளைக் கேலி செய்வது வேறு.

வாசகம் யாரையாவது இழிவுபடுத்தினால் தாராளமாகச் சொல்லுங்கள், வாசகத்தைப் பற்றி மட்டும். அப்புறம், முன்பின் தெரியாதவர்களின் படங்களை இனி இங்கே பகிர வேண்டாம். நேற்றைய படத்தை நீக்கிவிட்டேன், சேமித்தவர்களும் அழித்துவிடுங்கள்.