முதுகில் ஊசி போட்ட கைகளுக்கு

மதிப்பிற்குரிய மயக்க மருத்துவர் அம்மாவுக்கும் வார்டு செவிலியர்களுக்கும் வணக்கம்.

புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு மூன்று வாரம். டியூபை எடுத்தாயிற்று, சிறுநீர் தடையில்லாமல் போகிறது. அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வந்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதுகு ஊசிக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். காலம் பூரா இடுப்பு வலி, கால் விழுந்துவிடும் என்று ஆளுக்கொரு கதை சொல்லியிருந்தார்கள். முந்தைய நாள் மாலை கட்டிலருகே உட்கார்ந்து, தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்கும் கீழேதான் இறங்கும் என்று என் முதுகிலேயே விரல் வைத்துக் காட்டினீர்கள் அம்மா. அன்றிரவு தூங்கினேன்.

ஊசி போட்டதும் உள்ளங்கால் வரை வெதுவெதுப்பு. அப்புறம் கால்கள் என்னுடையவையாகவே இல்லை. ஸ்பிரிட் பஞ்சைத் தொடையிலும் வயிற்றிலும் வைத்து "சில்லுனு இருக்கா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். தொப்புளுக்கு மேல்வரை சில்லிப்பு தெரியவில்லை என்று உறுதியான பிறகே ஆரம்பிக்க விட்டீர்கள். அறுவையின்போது உள்ளே விட்டுக் கழுவும் நீர் ரத்தத்தில் அதிகம் கலந்தால் முதலில் பேச்சும் நினைவும் தடுமாறும் என்பதால்தான் கடைசிவரை என்னைப் பேச வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று பிறகு தெரிந்தது.

இரவு மரப்பு விட்டது. டியூப் இருந்தும் சிறுநீர் முட்டிக்கொண்டு வருவதுபோல அடிவயிற்றை முறுக்கியது. பத்துக்கு எத்தனை வலி என்று சிஸ்டர் கேட்டார். நாலு என்றேன். "கம்பியைப் பிடிச்சிருக்கிற கையைப் பார்த்தா நாலு மாதிரி தெரியலையே, ஐயா" என்று சொல்லிவிட்டு டியூபைக் குனிந்து பார்த்தார். ரத்தக்கட்டி அடைத்திருந்தது. சிரிஞ்சில் சலைன் ஏற்றிக் கழுவினார். பையில் சிவப்பாக நீர் இறங்க இறங்க என் கை தானாகவே கம்பியை விட்டது. இது புண் வலி இல்லை, மூத்திரப்பை சுருங்கி இழுக்கிற வலி, இதற்கு மருந்தே வேறு என்று சொல்லி, டாக்டரைக் கேட்டு அதையும் கொடுத்தார். பாராசிட்டமாலும் வலிக்கட்டும் என்று காத்திராமல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தது. வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த இரவில் எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

மறுநாள் எழுந்து உட்கார்ந்தால் முதுகு ஊசியால் தலை வலிக்கிறதா என்று கேட்கவே மாடியேறி வந்தீர்கள் அம்மா. வலிக்கவில்லை. இன்றுவரை இல்லை.

அந்த இரவு சிஸ்டரின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். தயவுசெய்து இந்த மடலை அவரிடம் காட்டுங்கள்.

நன்றியுடன்,
ஜன்னலோரக் கட்டில்காரர்