அணியின் பெயரோடு நின்றுவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு ஆங்கில வினாத்தாள்களில் பாட்டின் ஓரிரு அடிகளைக் கொடுத்து, அவற்றில் அமைந்துள்ள அணி எது என்று கேட்பது நெடுநாளைய வழக்கம். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பர்சானிஃபிகேஷன் (அஃறிணைக்கு மனித இயல்பை ஏற்றுவது) என்று ஒற்றைச் சொல்லை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் கடைகளில் விற்கும் கைடுகள் பாடநூலின் அடிகளை வரிசைப்படுத்தி, எதிரே அணியின் பெயரை அச்சிட்டுத் தருகின்றன. மாணவர்களும் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடுகிறார்கள். மேல்நிலை வகுப்புகளுக்குப் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த வழக்கம் ஆங்கிலப் பாடத்தின் உயிரான பகுதியைப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாமலே செய்துவிடுகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

'லைக்', 'ஆஸ்' ஆகிய சொற்கள் வந்தால் சிமிலி என்ற குறுக்குவழியையே பெரும்பாலான மாணவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். 'அவள் தன் தாயைப் போலவே உயரமானவள்' என்பதில் ஒப்பீடு உண்டே தவிர உவமை நயம் எதுவும் இல்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 'நான் நடந்து சென்றபோது' என்னும் பொருளில் ஆங்கில வாக்கியம் 'ஆஸ்' என்று தொடங்கினாலும் அதைச் சிமிலி என்று எழுதும் விடைத்தாள்கள் உண்டு. அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும் அலிட்டரேஷனிலும் இதே நிலைதான். அது ஒலியைப் பொறுத்தது என்பதை விட்டுவிட்டு, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை வட்டமிடுகிறார்கள். முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல் 'கே' எழுத்தில் தொடங்கினாலும் 'நெக்' என்ற சொல்லோடுதான் ஒலியால் இணைகிறது.

இவையெல்லாம் திருத்திவிடக்கூடிய பிழைகள். அந்த அணி கேட்பவரிடம் என்ன செய்கிறது என்ற கேள்வி வகுப்பறையில் எழாமலே போவதுதான் பெரிய இழப்பு.

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். சீசரைக் கொலை செய்த புரூட்டஸ் முதலியோரைப் பழிக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் சீசரின் இறுதிச் சடங்கில் பேச அவருடைய நண்பன் ஆண்டனிக்கு அனுமதி கிடைக்கிறது. கூட்டமோ புரூட்டஸின் பக்கம் நிற்கிறது. புரூட்டஸ் மதிப்பிற்குரிய மனிதர் என்று ஆண்டனி முதன்முறை கூறும்போது அது மரியாதையாகவே ஒலிக்கிறது. அதன்பின், சீசர் சிறைபிடித்து வந்த கைதிகளின் மீட்புப் பணம் ரோமாபுரியின் பொதுக் கருவூலத்தை நிரப்பியதையும், ஏழைகள் அழுதபோது சீசரும் கண்ணீர் வடித்ததையும், மூன்று முறை நீட்டப்பட்ட மகுடத்தை மூன்று முறையும் அவர் மறுத்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இடையிடையே அதே புகழுரைக்குத் திரும்புகிறான். சொல் மாறவில்லை, ஆனால் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் அதன் மதிப்பு சரிந்துகொண்டே போய், இறுதியில் அவர்கள் துரோகிகள் என்று கூட்டமே கூவிவிடுகிறது. கொடுத்த வாக்கை எழுத்தளவில் காப்பாற்றிக்கொண்டே அதைத் தகர்த்துவிடும் இந்தச் சாமர்த்தியத்தை 'ஐரனி' (சொல்வதற்கு எதிரான பொருளை உணர்த்துவது) என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் மாணவர் இந்தக் காட்சியிலிருந்து எதைப் பெற்றார்?

கயவர் தேவர்களைப் போன்றவர் என்று கூறும் 'தேவர் அனையர் கயவர்' என்னும் குறளை, புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி அணிக்குச் சான்றாக அதே மாணவர் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறார். அந்த அறிவை ஆங்கில ஆசிரியர் தொட்டுக் காட்டினால் போதும், ஆண்டனியின் பேச்சு பாதி விளங்கிவிடும். வள்ளுவர் ஒன்றே முக்கால் அடியில் முடித்துவிடுவதை ஆண்டனி மடக்கி மடக்கிச் சொல்லித்தான் சாதிக்கிறான் என்ற வேறுபாட்டையும் அப்போதுதான் பேச முடியும்.

நம் நாட்டின் ஆங்கிலப் பேச்சுகளில் புகழ்பெற்ற ஒன்றைப் பாருங்கள். 1947 ஆகஸ்ட் 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் பேசிய நேரு, நள்ளிரவு மணி ஒலிக்கையில், உலகம் உறங்கும் வேளையில், இந்தியா வாழ்வுக்கும் விடுதலைக்கும் விழித்தெழும் என்றார். அந்த நேரத்தில் லண்டனில் மாலைப்பொழுது, நியூயார்க்கில் பிற்பகல், உலகம் உறங்கவில்லை. இது அறியாமல் சொன்னது அன்று. உறக்கத்தையும் விழிப்பையும் எதிரெதிரே நிறுத்துவதற்காகச் சொன்ன உயர்வு நவிற்சி. இதற்கு முந்தைய வாக்கியத்தில்தான், விதியோடு செய்துகொண்ட உறுதிமொழியை முழுமையாக இல்லாவிட்டாலும் பெருமளவில் நிறைவேற்றுகிறோம் என்று, பிரிவினையின் வலி தெரிய அவர் அடக்கி வாசித்திருந்தார். அந்த அடக்கத்தை அடுத்து வருவதால்தான் இந்த மிகைக்கு இத்தனை ஒளி.

இலக்கியத்துக்கு வெளியே இந்தப் பயிற்சி இன்னும் அவசியமானது என்பது என் கருத்து. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சியை நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் செய்கிறார்கள். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் குறித்து 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ரீகன், கடுமையான தவறுகள் இழைக்கப்பட்டன என்றார். இழைத்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இலக்கணமாக மட்டும் கற்ற அமைப்பு, பொறுப்பிலிருந்து நழுவும் உத்தியாகவும் பயன்படும் என்று அறிந்த மாணவர், நாளை ஒரு நிறுவனத்தின் அறிக்கையையோ விளம்பரத்தையோ படிக்கும்போது, செய்தவர் பெயர் எங்கே என்று தேடுவார்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் என் வேண்டுகோள் இது: அணி வினாவின் மதிப்பெண்ணில் பாதியைப் பெயருக்கும், மீதியை அந்த அணி இல்லாமல் எழுதியிருந்தால் எது குறைந்திருக்கும் என்று ஓரிரு வாக்கியங்களில் கூறும் விடைக்கும் ஒதுக்குங்கள். கைடுகளின் துணை செல்லாதபடி, பாடநூலுக்கு வெளியேயிருந்தும் ஒரு பத்தியைத் தாருங்கள். இத்தகைய விடைகளைத் திருத்துவது கடினம் என்று சிலர் கூறக்கூடும். தமிழ்த் தாளில் அணியின் பெயரோடு விளக்கத்தையும் சான்றையும் பொருத்தத்தையும் எழுதச் சொல்லித் திருத்திக்கொண்டுதானே இருக்கிறோம்? ஆங்கிலத் தாளிலும் அதே மாணவர்களிடம் அதைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.