மொழி வகுப்புக் கட்டடப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், பிராஸ் டோர் ஏரிக்கரையில் நம் பள்ளியின் பழைய கிழக்குப் பகுதியை நம் பூர்வகுடி மொழியான மிக்மாக் வழி வகுப்புகளுக்காகப் புதுப்பிக்கும் வேலை முடிந்துவிட்டது. கூரை, சூடேற்றி, கழிப்பறை, ஜன்னல் எல்லாம் சொன்ன செலவுக்குள் முடிந்தன. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்பது பெயர்ப்பலகையைத்தான். சரி, அதையே சொல்கிறேன்.

மேப்பிள் மரத்தில் எழுத்து குடைந்த 31 பலகைகளுக்கு ஆர்டர் கொடுத்தோம். வந்தன, மாட்டியும் ஆயிற்று. திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மூத்த ஆசிரியை ஒருவர் பேத்தியோடு வந்து, வாசல் பலகையை எழுத்தெழுத்தாக விரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு எழுதியிருந்தபடியே உரக்க வாசித்தார். பேத்தி சிரித்துவிட்டாள்.

1974-இல் பெர்னி பிரான்சிஸும் டக் ஸ்மித்தும் உருவாக்கிய எழுத்துமுறையில்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் உயிரெழுத்தை ஒட்டி மேலே வரும் சின்னக் குறிதான் நெடிலைக் காட்டும். கல்வி என்று பொருள்படும் கினாமத்னெவே என்பதில் அதை எடுத்துவிட்டால் 'னா' வெறும் 'ன' ஆகிவிடும். 22 பலகைகளில் அந்தக் குறி வந்திருக்க வேண்டும். ஒன்றிலும் இல்லை.

ஒப்பந்தக்காரர், "ஒரு கமா விட்டுப்போனதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? பெயின்ட் தொட்டு வைத்துவிடுகிறேன்" என்றார். குடைந்த எழுத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் புள்ளி! முடியாது என்றோம். உடனே மாதிரித் தாளை எடுத்து மேசையில் போட்டார். அடியில் இருந்தது என் கையெழுத்து.

நாம் அனுப்பிய கோப்பில் குறிகள் இருந்தன. அவர்கள் எழுத்துருவை மாற்றியபோது விழுந்துவிட்டன. அது அவர்கள் தப்பு. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுவேன், வாசிக்க வராது. 1930 முதல் 1967 வரை நடந்த ஷுபெனகாடி விடுதிப் பள்ளியில் வளர்ந்தவர் என் அம்மா. அங்கே இந்த மொழியில் வாயைத் திறந்தால் அடி. வீட்டில் எங்களிடம் அவர் ஆங்கிலம்தான் பேசினார். வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது தாளைக் காட்டியிருக்கலாம். மறுநாள் பனிப்புயல் என்றார்கள், அவசரப்பட்டுவிட்டேன்.

அப்புறம் நான்கு கூட்டம், எண்ணாத மின்னஞ்சல், ஒரு வக்கீல் கடிதம். கடைசியில், 22 பலகைகளைப் புதிதாகச் செய்யும் செலவில் ஆளுக்குப் பாதி. நம் பங்கு 2,640 டாலர். திறப்பு மூன்று வாரம் தள்ளிப்போனது.

"அப்படியே திறந்திருக்கலாமே" என்று போன கூட்டத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். வாசிக்கப் பழகும் பிள்ளைகளின் கட்டடம் அது. வாசலில் ஒரு மாதிரியும் கரும்பலகையில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால் ஆறு வயதுப் பிள்ளை எதை நம்பும்? 2022-இல் மாகாணமே சட்டம் போட்டு, இதுதான் நோவா ஸ்கோஷியாவின் முதல் மொழி என்று ஒப்புக்கொண்டது. அந்த மொழியில் நாமே குறில் நெடில் பார்க்கவில்லை என்றால் எப்படி? பள்ளிகளை நம் சமூகங்களின் கையில் கொடுத்த 1997 உடன்படிக்கைக்கு முன்பு என்றால், எது கோணலானாலும் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இப்போது பள்ளி நம் கையில். திட்ட நான்தான் இருக்கிறேன்.

அந்த 2,640 டாலரில் ஒரு காசுகூடப் பிள்ளைகளின் பணத்திலிருந்து எடுக்கவில்லை. ஆறு லாப்ஸ்டர் படகுக்காரர்கள் ஒருநாள் வரும்படியைக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நால்வர், தீயணைப்புத் தொண்டர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் இருவர், பாஸ்டனில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி மூவர், செவ்வாய்க்கிழமை பிங்கோக்காரர்கள், லூஸ்கினிகன் ரொட்டி சுட்டு விற்ற அம்மாமார் பதினோரு பேர், கடமான் இறைச்சி கொடுத்து ஏலம் விடச் சொன்ன வேட்டைக்காரர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாமார் போட வேண்டும் என்றார்கள். நடைவழிச் சுவரில் இருக்கிறது, சரிபார்த்து எழுதியது அதே மூத்த ஆசிரியை.

கணக்குப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பழைய பலகைகள் 22-உம் கொட்டகையில் கிடக்கின்றன. நல்ல மேப்பிள், பின்பக்கத்தில் எழுத்தில்லை. அலமாரிக்கு வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.