மூன்று ஓட்டு

எம்ஸ்லாந்து, ஜெர்மனி, பிப்ரவரி 2024

அன்பு மகளுக்கு,

போன வாரமும் நீ கூப்பிடவில்லை. நாடாளுமன்றம் கூடும் வாரங்களில் பெர்லினில் உனக்கு மூச்சுவிட நேரமில்லை என்று தெரியும். சரி. கதவைத் தாழ் போட்டுத்தானே தூங்குகிறாய்?

இங்கே எல்லாரும் சுகம். மூத்த பசு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று. விவசாயிகள் போராட்டத்துக்கு அடையாளமாக ஊர்ப் பெயர்ப் பலகையில் ரப்பர் பூட்ஸ்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு ஜோடி நம் வீட்டுடையது. ஜனவரி 15-ஆம் தேதி பெர்லினில் பிராண்டன்பர்க் வாசலுக்கு டிராக்டர் ஓட்டி வந்தவர்களில் உன் தம்பியும் இருந்தான். உன்னிடம் சொன்னானா? விவசாயிகளுக்கான டீசல் வரிச் சலுகை போனால் என்ன ஆகும் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போடுகிறான். நீ அதைக் குறைக்க ஓட்டுப் போட்டிருக்கிறாய். இரண்டு பேரும் நான் பெற்ற பிள்ளைகள், நான் யார் பக்கம் பேசுவது?

சில டிராக்டர்களில் தூக்குமரம் செய்து மாட்டியிருந்ததை டிவியில் காட்டினார்கள். தொகுதிக்கு வரும்போது ராத்திரிக் கூட்டங்களுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகாதே.

பெண்கள் சங்கக் கூட்டத்தில் ஒருத்தி உன்னைக் குறை சொன்னாள். "சாக்கடைக்கும் பாலர் பள்ளிக்கும் இருபது வருஷம் இந்த ஊருக்காக அலைந்தவள், 2021-ல் நாடாளுமன்றத்தில் 736 பேரில் ஒருத்தியாகப் போய் உட்கார்ந்தவள்" என்று எழுந்து நின்றே சொன்னேன். ஆனாலும் அப்பாவின் நினைவு நாளுக்கு நீ வந்திருக்கலாம்.

அப்புறம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001 செப்டம்பரில் நீ முதல் தடவை ஊராட்சி மன்றத்துக்கு நின்றபோது, ஆளுக்கு மூன்று ஓட்டு உண்டே, என் மூன்றையும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கே போட்டேன். ஒன்றையாவது உனக்குப் போட்டிருக்கலாம். பேரனுக்கு அப்போது எட்டு மாசம். தோற்றால் வீட்டோடு இருப்பாய் என்று நினைத்தேன். எனக்குக் கல்யாணம் ஆன காலத்தில் வீட்டுக் கடமை கெடாதவரைதான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. 1977-ல் அதை எடுத்தார்கள். என் மனசிலிருந்து அது போகவில்லை. நீ ஜெயித்து வந்த ராத்திரி உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நீ என் கண்ணைத் துடைத்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கறவை முடிந்ததும் போன் பக்கத்திலேயே இருப்பேன். கதவைத் தாழ் போட்டுக்கொள்.

அம்மா