பாலைவன நகரமும் கட்டுமானக் கடனும்

அன்பு மகளுக்கு,

சவூதிப் பாலைவனத்தில் ஒரே நேர்கோடாகக் கட்டத் திட்டமிட்ட 'தி லைன்' நகரத்தில் காரும் இல்லை, புகையும் இல்லை, மின்சாரம் முழுக்கச் சூரியனும் காற்றும் தருவது, பிறகென்ன குறை என்று கேட்டிருந்தாய். குடியேறிய பிறகு பெரிய குறை இல்லை. கட்டும்போதுதான்.

2022இல் வெளியான வடிவத்தை எடுத்துக்கொள். 170 கி.மீ. நீளம், 200 மீட்டர் அகலம், 500 மீட்டர் உயரம், 90 லட்சம் பேர். கட்டுமானத்தில் மட்டும் 180 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும் என்று ஆஸ்திரேலியக் கட்டடக்கலைப் பேராசிரியர் பிலிப் ஓல்ட்ஃபீல்ட் மதிப்பிட்டார். தலைக்கு 200 டன். உலகச் சராசரி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 டன்தான். சாவி கைக்கு வருமுன்பே 40 வருஷக் கடன் ஏறிவிடுகிறது.

காரணம் உயரம். மாடி ஏற ஏற, மேற்சுமையோடு காற்றின் தள்ளலையும் தாங்க வேண்டியிருப்பதால் சதுர மீட்டருக்கு ஆகும் கம்பியும் சிமென்ட்டும் கூடிக்கொண்டே போகும். சூளையைச் சோலாரில் ஓட்டினாலும் சிமென்ட் சுத்தமாகாது. வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. மணலுக்கா பஞ்சம் என்பாய். காற்றில் உருண்டு வழவழத்த பாலை மணல் கான்கிரீட்டில் பிடிக்காது, பாறையை உடைத்து எம்-சாண்ட்தான் செய்ய வேண்டும்.

இதற்கு முன்பே, கரியமில வாயு இல்லாத ஊர் என்று அறிவித்த அபுதாபியின் மஸ்தர் நகரத்தைப் பார். அதை 2016இல் முடிப்பதாகச் சொன்னார்கள், தள்ளிக்கொண்டே போனது. அடியில் ஓடும் ஓட்டுநரில்லா வண்டிகளுக்காக ஊரையே மேடைமேல் தூக்கும் திட்டம் முதல் கட்டத்தோடு நின்றது. நிலைத்தவை குறுகிய நிழல் தெரு, உயரம் குறைந்த கட்டடம், மேல்காற்றைத் தெருவுக்கு இறக்கும் காற்றுக்கோபுரம்.

தண்ணீருக்கு வருகிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று வை. ஆர்.ஓ. முறையில் கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட், அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் யூனிட் அளவு. சோலாருக்கு இது சுமையே இல்லை. தொல்லை மிச்சமாகும் உவர்நீர்தான், ஒரு லிட்டர் குடிநீருக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். கடல்நீரைவிடக் கனம் என்பதால் தரையோடு படர்ந்து, பிராணவாயு குறைந்து, கடற்புல்லையும் பவளத்தையும் வாட்டும். கரையோரம் திறந்துவிடக் கூடாது. குழாயை ஆழத்துக்குக் கொண்டுபோய், அதன் பல முனைகளை 60 டிகிரி அளவில் மேல்நோக்கிச் சாய்த்து வேகமாகப் பீய்ச்சினால் கலந்துவிடும்.

நீ படிக்கும் திட்ட அறிக்கையில் அந்தக் குழாய் எங்கே முடிகிறதென்று போட்டிருக்கிறதா? வரைபடம் இருந்தால் அனுப்பு.

அப்பா