அணுவைப் பற்றி ஊருக்குச் சொன்னவர்கள்

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மறுபடியும் காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போருக்குப் பின் அணு விஞ்ஞானிகள் பொதுமக்களிடம் என்ன பேசினார்கள் என்பதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடம் கரும்பலகையில் அணுப்பிளவை வரைந்து காட்டிய நான், அந்த மனிதர்கள் பட்ட பாட்டை மாணவர்களுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேன் என்பது மனத்தை உறுத்துகிறது.

ஹிரோஷிமா அழிந்து ஆறே நாளில், 1945 ஆகஸ்ட் 12 அன்று, அணுகுண்டு உருவான விதத்தைப் பற்றி இயற்பியலாளர் ஹென்றி ஸ்மைத் எழுதிய அறிக்கையை அமெரிக்க அரசு வெளியிட்டது. அதில் உள்ளதைப் பேசலாம், அதைத் தாண்டி ஒரு சொல் சொன்னாலும் உளவுச் சட்டம் பாயும் என்று முன்னுரையிலேயே எச்சரித்திருந்தார்கள். அந்த வேலிக்குள் நின்றுகொண்டுதான், குண்டுத் திட்டத்தில் வேலை செய்த சிகாகோ விஞ்ஞானிகள் பேசத் தொடங்கினார்கள். ஹிரோஷிமாவுக்கு முன்பே, ஜப்பான் மீது முன்னறிவிப்பின்றிக் குண்டு போட வேண்டாம் என்று அரசிடம் மன்றாடிய ஃபிராங்க் குழுவில் இருந்த யூஜின் ரபினோவிச், ஹைமன் கோல்ட்ஸ்மித்துடன் சேர்ந்து அதே ஆண்டு டிசம்பரில் 'அணு விஞ்ஞானிகள் புல்லட்டின்' என்ற இதழைத் தொடங்கினார். அவர்களது வாதம் எளியது: அணுகுண்டில் நெடுங்காலம் காக்கக்கூடிய ரகசியம் எதுவும் இல்லை, அதைத் தடுக்கும் கேடயமும் இல்லை, ஆகவே உலக நாடுகள் கூடித்தான் கட்டுப்படுத்த வேண்டும். ரகசியம் தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பவே விரும்பிய மக்களிடம் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் தன் முதல் குண்டை வெடித்தபோது, அவர்கள் சொன்னது நடந்துவிட்டது.

1947 ஜூன் இதழின் அட்டை என் கண்ணிலேயே நிற்கிறது. ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஒரு கடிகாரத்தின் கடைசிக் கால்பகுதி மட்டும். முள் நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் முன்னே. நள்ளிரவு என்றால் உலகின் அழிவு. வரைந்தவர் அலெக்சாண்டர் லாங்ஸ்டார்ஃப் என்ற இயற்பியலாளரின் மனைவி, ஓவியர் மார்ட்டில். அந்த ஏழு நிமிடம் எந்தக் கணக்கிலும் வந்ததன்று. பார்க்க நன்றாக அமைந்ததால் அவர் வைத்தது. சூத்திரங்கள் எட்டாத வீடுகளுக்குள்ளும் அந்தப் படம் நுழைந்தது. ஆனாலும் அச்சத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால் கேட்பவர்கள் மரத்துப்போவார்கள் என்பது என் எண்ணம்.

அதனால்தான் பிரிட்டனில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. 1944 இறுதியில், மனச்சான்றின் பேரில், அமெரிக்காவின் குண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸை விட்டு விலகிய ஜோசப் ராட்பிளாட், அணு விஞ்ஞானிகள் சங்கத்தின் சார்பில் இரண்டு ரயில் பெட்டிகளில் ஒரு கண்காட்சியை அமைத்தார். 1947, 48 ஆண்டுகளில் 'அணு ரயில்' ஊர் ஊராகச் சென்று நின்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறிப் பார்த்தார்கள். அணுவின் அமைப்பு, மருத்துவப் பயன், குண்டின் அழிவு எல்லாவற்றையும் அங்கே பக்கம் பக்கமாக வைத்திருந்தார்கள். மனைவியைப் போர்க்காலப் போலந்தில் இழந்த ஒருவர் அத்தனை நிதானமாக இதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பேச்சை ரயிலிலிருந்து தொடங்குவதா, கடிகாரத்திலிருந்தா என்று முடிவு செய்ய முடியவில்லை. எனக்கு ரயில்தான் தோன்றுகிறது. உன் கருத்தை இந்த வாரத்துக்குள் எழுது.

என்றும் அன்புடன்,
வேணு